பச்சிலையும் நுண்பொருளும்
ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதுவது

சூரிய வெளிச்சமே சகல பயிர்த்தொழிலுக்கும் மூலதனம் என்பது நம் குடியானவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டிய விஷயமன்று. மேகம் மூடிய பட்டத்தில் கதிர் பதராவதையும், மர நிழல் விழும் வரப்போரத்தில் பயிர் வெளிறி நெட்டையாய்ப் போவதையும் அவர்கள் தலைமுறை தலைமுறையாய்க் கண்டு வருகிறார்கள். அவ்வெளிச்சத்தை இலையின் உறுப்புக்களைக் கொண்டே மின்சாரமாக மாற்றலாம் என்றும், கண்ணுக்குப் புலனாகாத நுண்பொருள்களை இலைக்குள் செலுத்தி அதன் வேலையைத் துரிதப்படுத்தலாம் என்றும் சென்ற இருபது ஆண்டுகளாக மேல்நாட்டு ஆராய்ச்சிக்கூடங்களிலிருந்து செய்திகள் வந்தவண்ணம் இருக்கின்றன. செய்திகள் மெய்யே. ஆனால் அவற்றின் நிழலில், “நானோ” என்ற ஒரு சொல்லையே முதலாகக் கொண்டு, இலைக்கு வெளிச்சம் ஊட்டும் என்று புட்டிகளை விற்போரும் கிராமங்களுக்குள் வரத் தலைப்பட்டிருக்கிறார்கள். ஆகவே, இவ்விஷயத்தில் ஆராய்ச்சியின் உண்மை எவ்வளவு, அதற்கும் வயலுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதைப் பிரித்துச் சொல்வது நம் இலாகாவில் ஊழியம் செய்வோரின் கடமையென்று கருதி இதனை எழுதலானேன்.

இலை செய்யும் தொழில்

1771-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பவர், மெழுகுவத்தி எரிந்து கெட்ட காற்று அடைபட்ட கண்ணாடிக் கூண்டில் ஒரு புதினாச் செடியை வைத்து, சில நாள் கழித்து அக்காற்று மறுபடியும் சுத்தமாகி, அதில் மெழுகுவத்தி எரியக் கண்டார். அவ்வேலையைச் செய்வது செடியின் பச்சைப் பாகமே என்பதையும், அதற்கு வெளிச்சம் இன்றியமையாதது என்பதையும் 1779-இல் யான் இங்கன்ஹவுஸ் என்னும் டச்சு வைத்தியர் நிரூபித்தார். இலை, வெளிச்சத்தின் துணையால், வேர் கொணரும் நீரையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் கொண்டு சர்க்கரையைச் சமைத்துப் பிராணவாயுவை வெளிவிடுகிறது. நெல்லும் வைக்கோலும் கரும்பும் பருத்தியும் அச்சர்க்கரையின் வேறு வேறு உருவங்களேயாம்.

இத்தொழில் நடக்கும் இடம் இலையின் உயிரணுக்களுக்குள் உள்ள பசுங்கணிகங்கள் எனப்படும் சிறு பைகள். அவற்றின் உட்புறத்தில் மெல்லிய சவ்வுகள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. அச்சவ்வுகளில் பதிந்துள்ள ஒளித்தொகுதி என்னும் புரத யந்திரங்களே வெளிச்சத்தைப் பிடித்து, எலக்ட்ரான் எனப்படும் மின்துகள்களை ஓடச் செய்கின்றன. அவ்வோட்டத்தின் சக்தியைக் கொண்டே பின்னர் சர்க்கரை உண்டாகிறது. எனவே இலையின் உள்ளே முதலில் பிறப்பது ஒருவகை மின்னோட்டம். உணவு பிறப்பது அதற்கப்பால் என்று சொல்வது தவறாகாது.

இவ்விடத்தில் ஓர் ஆச்சரியத்தைக் கவனிக்க வேண்டும். ஒளித்தொகுதி தான் பிடித்த ஒவ்வோர் ஒளித்துகளுக்கும் ஏறக்குறைய ஓர் எலக்ட்ரானைத் தவறாமல் கொடுக்கிறது. அவ்வளவு சிக்கனமான யந்திரத்தை மனிதன் செய்வது அரிது. ஆனால் முழுச் செடியையும் கணக்கிட்டால் நிலைமை வேறு. சூரியன் அனுப்பும் சக்தியில் ஏறக்குறையப் பாதியே இலை ஏற்கக் கூடிய நிறங்களில் அமைந்திருக்கிறது. மிச்சத்திலும் பல வழிகளில் நஷ்டம் நேர்கிறது. நிலத்தில் விழும் நூறு பங்கு சக்தியில், நெல் போன்ற பயிர்கள் அதிகபட்சமாக 4.6 பங்கும், சோளம், கரும்பு போன்றவை 6 பங்கும் தம் உடலாக மாற்றலாம் என்று 2008-இல் அமெரிக்க நிபுணர்கள் கணக்கிட்டனர். நடைமுறையிலோ, பட்டம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், 1 பங்கு வரை தேறினாலே பெரிதாகும். பம்பு செட்டுக்கு நாம் கூரையிலேற்றும் சிலிக்கன் பலகை 20 பங்கு வரை மின்சாரமாக்குகிறது. பலகை தருவது மின்சாரம், பயிர் தருவது உணவு. ஆதலின் இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று. எனினும், இலையின் முதற்படி அவ்வளவு சிக்கனமாயிருந்தும் முடிவு இவ்வளவு சொற்பமாயிருப்பதே விஞ்ஞானிகளின் ஆவலைத் தூண்டிற்று.

ஆராய்ச்சிக்கூடங்களில் நடந்தவை

இலையின் யந்திரம் இலைக்கு வெளியிலும் ஓடும் என்பதை முதலில் தெளிவாகக் காட்டியவர் கேம்பிரிட்ஜ் நகரத்து ராபர்ட் ஹில். 1937-இல் அவர் பசுங்கணிகங்களை இலையினின்று பிரித்து, ஓர் இரும்பு உப்பைச் சேர்த்து வெளிச்சத்தில் வைத்தார். கரியமில வாயு இல்லாமலே அவை பிராணவாயுவை வெளிவிட்டன. எலக்ட்ரான்களை இரும்பு உப்பு வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொள்வது ஓர் உலோகத் தகடாயிருப்பின் மின்சாரம் கிடைக்குமன்றோ என்பதுதான் பின்வந்தோர் கேட்ட கேள்வி.

அதற்கு நுண்பொருள்கள் துணை வந்தன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். ஒளித்தொகுதியின் அளவு ஏறக்குறையப் பத்து, இருபது நானோமீட்டர். கார்பன் நுண்குழாயின் குறுக்களவு ஒன்றிரண்டு நானோமீட்டர். பெரிய தகட்டோடு இலைப் புரதம் சரியாக ஒட்டாது. தன்னையொத்த சிறு பொருளோடு நெருங்கி ஒட்டும். இதுவே இருவகைப் பொருள்களையும் சேர்த்துவைப்பதன் தத்துவம்.

2004-இல் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், கீரையிலிருந்து எடுத்த ஒளித்தொகுதியை, பொன் பூசிய கண்ணாடியின் மேல் நிறுத்தி, ஈரமில்லாத சாதனம் ஒன்றில் மின்சாரம் பெற்றனர். கீரை என்றது நம் கொல்லையில் படரும் பசலைக்கொடியை அன்று; நகரச் சந்தைகளில் பாலக் என்ற பெயரால் விற்கப்படும் இலையை. 2012-இல் டென்னஸி மாகாணத்து வாண்டர்பில்ட் சர்வகலாசாலையார், அதே கீரையின் ஒளித்தொகுதியைச் சிலிக்கன் தகட்டின்மேல் படியவைத்து, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 850 மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டம் பெற்றனர். அதற்கு முன் இவ்வகையில் கிடைத்ததைக் காட்டிலும் அது ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 2013-இல் ஜார்ஜியா சர்வகலாசாலையார், பசுங்கணிகத்தின் சவ்வுகளையே பிரித்தெடுத்துக் கார்பன் நுண்குழாய்களின் மேல் பதித்து மின்சாரம் கண்டனர்.

குடியானவர்கள் மிகவும் கேள்விப்படுவது 2014-ஆம் வருஷத்து ஆராய்ச்சியைப் பற்றியே. மேற்சொன்ன மாஸசூஸெட்ஸ் கழகத்தில் ஹுவான் பாப்லோ ஹிரால்டோ, மைக்கேல் ஸ்ட்ரானோ முதலியோர், கார்பன் நுண்குழாய்களைப் பசுங்கணிகத்துக்குள் புகச் செய்தனர். இலை ஏற்காத நிறங்களின் வெளிச்சத்தையும் இக்குழாய்கள் ஏற்கவல்லன என்பது அவர்களுடைய எண்ணம். பிரித்தெடுத்த பசுங்கணிகங்களில் எலக்ட்ரான் ஓட்டம் 49 சதவீதமும், உயிருள்ள சிறு செடியின் இலையில் 30 சதவீதமும் மிகுந்தது.

2016-இல் பெர்க்லியில் பெய்டாங் யாங் என்பவரின் கூட்டத்தார் வேறொரு வழியில் சென்றனர். வெளிச்சத்தைப் பயன்படுத்தத் தெரியாத ஒரு பாக்டீரியாவுக்குக் கேட்மியமும் கந்தகம் கலந்த சத்தும் கொடுத்தனர். அது கேட்மியம் ஸல்பைடு என்னும் நுண்மணிகளைத் தன் மேனியில் தானே உண்டாக்கிக்கொண்டு, வெளிச்சத்தைப் பிடித்து, கரியமில வாயுவைக் காடித் திராவகமாக மாற்றியது. 2022-இல் கேம்பிரிட்ஜில், நுண்மணிகளை மையாகக் கொண்டு அச்சிட்ட சிறு தூண்களின் இடையே நீலப்பச்சைப் பாசியின் இனத்தைக் குடியேற்றி, முன்னையினும் பத்து மடங்குக்கு மேல் சக்தியை எடுத்தனர். நம்மவர் நெல் வயலில் தழைச்சத்துக்காக இடும் பாசிக்கு இது உறவினம் என்பதைக் கண்டு வாசகர்கள் மகிழலாம்.

குறை எங்கே?

இவையெல்லாம் புகழத்தக்க காரியங்கள். ஆயினும் இவற்றின் அளவையும் ஆயுளையும் பார்க்க வேண்டும். 850 மைக்ரோ ஆம்பியர் என்பது ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு. சாதாரணச் சிலிக்கன் பலகை அதே ஒரு சதுர சென்டிமீட்டரில் 35 முதல் 40 மில்லி ஆம்பியர் வரை தரும். அளவைவிட ஆயுளே பெரிய குறை. செடியினின்று பிரித்த பசுங்கணிகம் சில மணி நேரத்தில் சோர்ந்துவிடுகிறது. வெயிலில் வேலை செய்யும் ஒளித்தொகுதிக்கு அவ்வெயிலே சத்துரு. இரண்டாம் ஒளித்தொகுதியிலுள்ள ஒரு முக்கியமான புரதம் கடும் வெயிலில் அரைமணிக்குள்ளாகவே பழுதாவதுண்டு. செடி என்ன செய்கிறது? பழுதானதைக் கழற்றி எறிந்து, புதியதைச் செய்து, அதே இடத்தில் பொருத்துகிறது. நாம் வரப்பில் நின்று பார்க்கும்போது அசையாமல் நிற்கும் பயிர், சூரியோதயம் முதல் அஸ்தமனம் வரை ஓயாமல் தன் யந்திரத்தைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்கு நாம் கொடுக்கும் கூலி நீரும் எருவுமே.

இலையினின்று யந்திரத்தை மட்டும் பெயர்த்து எடுப்பவருக்கு அந்த யந்திரத்தின் கொல்லன் கூடவே வருவதில்லை. இந்நூதன வித்தையின் சிரமம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. 2014-ஆம் வருஷத்து ஆராய்ச்சியில் சீரியம் ஆக்ஸைடு நுண்மணிகளைச் சேர்த்து, கெடுதி செய்யும் பிராணவாயுத் துகள்களை அடக்க முயன்றதும், பின்வந்தோர் உயிருள்ள பாசியையே முழுதாக வைத்துக்கொண்டதும் இக்குறையை நீக்கும் பொருட்டே. ஆராய்ச்சி எவ்வளவுக்கெவ்வளவு முன்னேறுகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு உயிருள்ள செடியின் அருமையே நமக்கு விளங்குகிறது என்பது என் அபிப்பிராயம்.

மற்றொன்றும் நினைவில் இருக்க வேண்டும். 2014-இல் அளக்கப்பட்டது எலக்ட்ரான் ஓட்டமே. நெல்மணியின் எடை அன்று. பரிசோதித்த செடியும் களத்துக்கு வரும் பயிரன்று. வாய்க்காலில் நீர் மிகுந்தது என்பதனால் கடைமடை வயலில் விளைச்சல் மிகுந்தது என்று எந்தக் குடியானவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். நடுவில் எத்தனை மடைகள் இருக்கின்றன! வெளிச்சத்தைப் பிடிப்பதற்கும் மணி பிடிப்பதற்கும் நடுவிலும் அவ்வாறே பல மடைகள் இருக்கின்றன. கரியமில வாயு போதாமை, நீர் போதாமை, தழைச்சத்துக் குறைவு, இரவின் வெப்பம் ஆகிய இவற்றில் எது அடைத்துக்கொண்டாலும் மேல்மடையில் திறந்த நீர் வீணே.

புட்டியில் வரும் நானோ

இந்நிலையில், இலையின் வெளிச்சப் பசியைத் தூண்டும் நுண்பொருள் என்று சொல்லிக் கைத்தெளிப்பானுக்கு ஒரு புட்டி விற்பவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் தாமாகவே எழுகின்றன. உள்ளே இருப்பது எந்தப் பொருள்? எந்தப் பயிரில், எந்த மண்ணில், எத்தனை பட்டம் பார்த்தது? தெளிக்காத பாத்தியின் மகசூல் என்ன? மண்ணிலும் மணியிலும் அது எவ்வளவு தங்குகிறது?

கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யலாகாது. மேலே சொன்ன கேட்மியம் ஆராய்ச்சிக்கூடத்துக் குடுவையில் அடங்கியிருக்கும்வரை தோஷமில்லை. வயலுக்கு வந்தால் நெல் அதனை எளிதில் உறிஞ்சும். ஜப்பானில் டொயாமா ஜில்லாவில், சுரங்கக் கழிவுநீர் பாய்ந்த ஜின்ஸு நதிக்கரை வயல்களின் அரிசியை உண்டோர் எலும்பு நொறுங்கும் கொடிய நோய்க்கு ஆளாயினர். கேட்மியமே காரணம் என்று அந்நாட்டுச் சர்க்கார் 1968-இல் ஒப்புக்கொண்டது. நுண்பொருள் யாவும் விஷம் என்பது என் கருத்தன்று. பெயர் சொல்லாத பொருளை வயலில் இறைத்தல் ஆகாது என்பதே.

இங்கே ஒரு குழப்பத்தையும் நீக்கிவிட வேண்டும். நானோ யூரியா என்பது 2021-இல் இந்திய சர்க்காரின் உரக் கட்டுப்பாட்டு உத்தரவில் சேர்க்கப்பட்டது. அது தழைச்சத்து தருவதற்காக ஏற்பட்ட திரவம். அதன் தாரதம்மியம் தனியே ஆராய வேண்டிய விஷயம். இலையின் ஒளித்தொகுதியோடு கார்பன் குழாயைச் சேர்க்கும் வித்தைக்கும் அதற்கும் பெயரில் ஒற்றுமையேயன்றிக் காரியத்தில் ஒற்றுமையில்லை. நானோப் பொருள்களை விவசாயத்தில் எவ்வாறு பரிசோதிக்க வேண்டும் என்பதற்கு 2020-இல் மத்திய சர்க்கார் வழிகாட்டு விதிகளை வெளியிட்டிருக்கிறது. அவ்விதிகளின்படி சோதித்த விவரத்தைக் காட்டாதவரின் புட்டியை வாங்காமலிருப்பதே விவேகம்.

நான் கற்ற பாடம்

இவ்வளவு கண்டிப்பாய் எழுதுவதற்குக் காரணம் என் சொந்தத் தவறு ஒன்று. உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், பயிர் ஊக்கி என்று வந்த ஒரு திரவத்தின் அச்சுப் பிரசுரத்தைப் படித்து, அதன் படங்களையும் எண்களையும் நம்பி, ஒரு கிராமக் கூட்டத்தில் அதனைச் சிபாரிசு செய்தேன். மூன்று ஏக்கர் குத்தகை பயிரிடும் பெரியவர் ஒருவர், வீட்டுப் பால்மாட்டை விற்று, மூன்று ஏக்கருக்கும் வாங்கித் தெளித்தார். அறுவடையில் அண்டை வயலுக்கும் அவர் வயலுக்கும் எவ்வித வித்தியாசமும் காணவில்லை. அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. “ஐயா, தாங்கள் எங்காவது தெளித்துப் பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. டிமான்ஸ்டிரேட்டர் என்றால் செய்து காட்டுகிறவன் என்று பொருள். செய்து பாராததைச் சொல்லிக் காட்டிய அன்று நான் அப்பெயருக்கு உரியவனாயிருக்கவில்லை. அதன் பின் மூன்றாண்டு வரை அக்கிராமத்தில் நல்ல விதை என்று நான் எதைச் சொன்னாலும் கேட்பாரில்லை. நஷ்டம் அவருக்கு ஒரு மாடு. இலாகாவுக்கு ஒரு கிராமத்தின் நம்பிக்கை.

ஓர் ஆக்ஷேபம்

“ரஸாயன உரம் வந்தபோதும் நகைத்தார்கள், குட்டை நெல் வந்தபோதும் ஐயுற்றார்கள். இன்று நீரும் அவ்வாறே புதுமையைத் தடுக்கிறீர்” என்று கல்வி கற்ற இளைஞர் சிலர் கூறுவர். நியாயமான ஆக்ஷேபமே. ஆனால் உரமும் குட்டை நெல்லும் குடியானவரிடம் நம்பிக்கை பெற்றது பிரசங்கத்தாலன்று. வரப்பின் ஒருபுறம் இட்டதும் மறுபுறம் இடாததுமாக, கண்ணுக்கு முன்னே நின்ற பாத்திகளால் பெற்றன. நுண்பொருளுக்கும் அந்த வாயில் திறந்தே இருக்கிறது. கோயமுத்தூர் விவசாய சர்வகலாசாலையில் நானோ விஞ்ஞானத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. அங்கே நம் பிள்ளைகள் இதனைக் கற்க வேண்டும் என்பதே என் விருப்பம். இலையினின்று எடுத்த மின்சாரம் ஒருநாள், வயலின் ஈரத்தைக் காட்டும் சிறு கருவிக்குப் போதுமானதாக வந்தாலும் அது லாபமே. ஆனால் ஆராய்ச்சிக்கு ஆகும் செலவை ஆராய்ச்சிக்கூடம் ஏற்க வேண்டுமே தவிர, கடன் வாங்கிப் பயிரிடுபவன் ஏற்கலாகாது.

செய்ய வேண்டுவன

இலாகாவுக்கு என் விண்ணப்பம் இது. இலையின் வேலையைப் பெருக்குவதாகச் சொல்லி வரும் எந்தப் பொருளையும், சர்க்கார் பண்ணையில் இரண்டு பட்டமேனும் தெளித்த பாத்தியும் தெளிக்காத பாத்தியுமாக வைத்துப் பார்த்து, முடிவு நல்லதாயினும் தீயதாயினும் இப்பத்திரிகையில் வெளியிட வேண்டும். அதுவரை எந்த ஊழியரும் அதனைச் சிபாரிசு செய்யலாகாது என்று உத்தரவும் இட வேண்டும்.

குடியானவர்களுக்கு ஒரு வார்த்தை. எவர் சொல்லியும், நான் சொல்லியும், புதிய திரவத்தை முழு வயலுக்கும் தெளிக்காதீர்கள். ஒரே நாளில் நட்ட ஒரே ரகத்தில், ஐந்து செண்டு அளவில் ஆறு பாத்திகள் பிரியுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்றில் மருந்தும், மூன்றில் வெறும் நீரும் தெளியுங்கள். தனித்தனியே அறுத்து, காயவைத்து, நிறுத்துப் பாருங்கள். தராசு யாருக்கும் கட்சி பேசாது.

இனி, இலைக்கு வெளிச்சம் ஊட்டச் செலவில்லாத வழிகள் நம் கையிலேயே இருக்கின்றன. வெறும் தரையில் விழும் வெயில் எவருக்கும் பயன்படாது. ஆகையால் பட்டம் தவறாமல் நடுங்கள், போக்குவிட்ட இடத்தை ஒரு வாரத்துக்குள் நிரப்புங்கள், களை உண்ணும் வெளிச்சத்தைப் பயிருக்குத் திருப்புங்கள். நெல்லிலையில் உள்ள தழைச்சத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு பசுங்கணிகங்களிலேயே தங்கியிருக்கிறது. எனவே நடவுக்கு முன் தக்கைப்பூண்டை மடக்கி உழுவதும், மேலுரத்தைக் காலமறிந்து பிரித்திடுவதும் இலையின் யந்திரத்துக்கே உறுப்புக்கள் வாங்கித் தருவதாகும். இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்குக் கீழே நிறம் இறங்கினால் மட்டும் யூரியா இடுங்கள். கீழே இறங்காதபோது இடுவது பூச்சிக்கு விருந்து.

மேல்நாட்டு நிபுணர்கள் பொன்னையும் சிலிக்கனையும் கார்பன் குழாயையும் துணைகொண்டு சில மணி நேரம் ஓட்ட முயலும் யந்திரம், நம் ஒவ்வொரு வயலிலும் கோடிக்கணக்கில், பட்டம் முழுவதும், தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொண்டு ஓடுகிறது. அவர்களுடைய முயற்சி வெல்லுக. அது வென்று வரப்பு வரைக்கும் வரும் நாளில், நாமும் ஆறு பாத்தி பிரித்து, தராசோடு காத்திருப்போம்.